மணி அடித்தால் எடுக்க வேண்டாம்

மாத்தளைப் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவன் நான்; ஊர் என்னை 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும். ஊரில் பிள்ளை பிறந்தாலும் ஆள் மௌத்தானாலும் விசா கிடைத்தாலும் செய்தி என் கடைப் போன் வழியாகத்தான் போய்வரும். ஆனால் குலசேகரம் சேர் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு நடந்தே வந்தது. போன கிழமை காலையில் நான் கடையின் இரும்புக் கதவைப் பாதி தூக்கியிருக்கும்போது, அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் இரத்தோட்டை ரோட்டில் இருந்து வேர்க்க வேர்க்க வந்து நின்றார். "சேர் எழும்பல்ல நானா" என்றார். ஒரு போன் அடித்திருக்கலாமே என்று எரிச்சலோடு கேட்டேன். "ஒங்கட போனத்தான் யாரும் எடுக்கக் கூடாதே" என்றார் அவர். கதவை மறுபடியும் இழுத்துப் பூட்டிவிட்டு அவரோடு நடந்தேன்.

சேரை அறிந்தவர்கள் இதை வாசித்தால், உங்களில் பாதிப் பேர் அவரை அரசாங்கக் கந்தோரில் கோட்டும் குடையுமாகப் பார்த்தவர்கள். மீதிப் பேர், பென்ஷன் எடுத்த பிறகு என் கடை மூலைக் கம்பியூட்டரில் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவராகப் பார்த்தவர்கள். அவர் அங்கே என்ன செய்தார் என்று என்னிடம் கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. சீட்டு விளையாடுகிறார் என்றார்கள், வெளிநாட்டு மாப்பிள்ளை தேடுகிறார் என்றார்கள். பொலிஸ்காரர் ஒருவர் வந்து பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

முதலில் எனக்கும் விளங்கவில்லை. திரையில் நீலமும் மஞ்சளுமாக ஒரு படம். அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பிரகாசமான கோடுகள். சேர் அதில் ஒரு கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போவார். இப்படியே மத்தியானம் வரை. பொறுக்க முடியாமல் ஒருநாள், "சேர், இது என்ன, பட்டுச் சேலை டிசைனா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படித் துடைத்தால் நீண்ட பேச்சு வரப்போகிறது என்பதை நான் அதன்பின் கற்றுக்கொண்டேன்.

"பூமியச் சுத்திக் காந்தப்புலம் இருக்குதெல்லே நானா. அதுக்குள்ள இலத்திரன்கள் அகப்பட்டுப் போய்க் கிடக்குது. வெளிய போக ஏலாது. வடக்க ஓடும், ஒரு இடத்தில திரும்பும். தெற்க ஓடும், அங்கயும் திரும்பும். சீவியம் முழுக்க அதுதான் அதின்ர வேலை."

"அப்ப அதுகளுக்கும் ஓமந்தையில செக் பொயின்ட் இருக்குன்னு சொல்லுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து பேக்கரி சுமனபால எட்டிப் பார்த்தான். சேர் அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வாலிபத்தில் அவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதே வேலையைச் செய்தவர். தகப்பனுக்குக் கடுமை என்று தந்தி போனதும் ஊருக்கு வந்தார். தகப்பன் போனார், கலவரம் வந்தது, கலியாணம் ஆனது, மாத்தளையில் உத்தியோகம் கிடைத்தது. திரும்பிப் போகவே இல்லை. பென்ஷனுக்குப் பிறகு, அங்கே இன்னும் வேலையில் இருந்த பழைய சினேகிதருக்கு என் கடையில் இருந்து ஒரு ஈமெயில் அனுப்பினார். அந்த வெள்ளைக்காரர் அவரை மறந்திருக்கவில்லை. வானத்தில் பூமியைச் சுற்றும் செய்மதியில் இருந்து வரும் படங்களில் கம்பியூட்டர் தடுமாறுகிறவற்றை மட்டும் இவருக்கு அனுப்பத் தொடங்கினார். சம்பளம் கிடையாது. நானும் கம்பியூட்டருக்கு வாடகை கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். அவர் இருந்தால் அந்த மூலையில் கள்ளன் வரமாட்டான் என்பது என் கணக்கு.

அந்தச் செய்மதி என்ன செய்கிறது என்பதை அவர் எனக்குச் சொன்ன விதத்தை அப்படியே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சக் கதை எல்லாம் அதில்தான் இருக்கிறது. செய்மதி ஒரு வானொலி அலையைக் கொஞ்ச நேரம் அனுப்பும். உடனே அனுப்புவதை நிறுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்கும். பிறகு மீடிறனை, அதாவது அலை நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை, கொஞ்சம் கூட்டி மறுபடியும் அனுப்பும், மறுபடியும் கேட்கும். சரியான மீடிறன் பொருந்திவிட்டால், அலை நின்ற பிறகும் அங்கே இருக்கிற இலத்திரன்கள் தாமாக அதிர்ந்துகொண்டிருக்கும்; படத்தில் அது ஒரு கோடாக விழும். அந்த அதிர்வு எந்த மீடிறனில் என்று கண்டுவிட்டால், ஒரு தீப்பெட்டி அளவு இடத்துக்குள் எத்தனை இலத்திரன் என்று சொல்லிவிடலாம். சில இடத்தில் ஆயிரக்கணக்கில் இருக்குமாம். சில இடத்தில் விரல்விட்டு எண்ணலாமாம்.

"அனுப்பேக்க கேக்க ஏலாது நானா. கேக்கேக்க அனுப்பக் கூடாது. நாங்கள் வாய மூடின பிறகும் என்ன ஒலிச்சுக்கொண்டிருக்குதோ, அதுதான் அங்க உண்மையா இருக்கிறது."

அவர் மனிதர்களோடும் இதே முறையில்தான் பழகினார். ஒரு கேள்வி கேட்பார், பிறகு வாயை மூடிக்கொண்டு உங்களையே பார்ப்பார். நீங்கள் சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்து நான் சொல்ல நினைக்காததை எல்லாம் அவரிடம் கொட்டியிருக்கிறேன். தம்புள்ளைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி அவரை இறக்கியபோதும் இதே குணம்தான் அவரைக் கெடுத்தது. "எங்கே போகிறாய்?" என்று சிங்களத்தில் கேட்ட சிப்பாய்க்கு உடனே பதில் சொல்லாமல், அவன் வேறு ஏதும் கேட்கப் போகிறானோ என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறந்த இடம் வடக்கு என்று அடையாள அட்டையிலும் இருந்தது. வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு மாத்தளைக்கே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் கடையில் வந்து உட்கார்ந்து, "திரும்புற இடம் இப்ப தம்புள்ளைக்கு வந்திட்டுது" என்று மட்டும் சொன்னார்.

அவர் அந்தப் பஸ்ஸில் ஏறியது சும்மா அல்ல. சமாதான காலத்தில் மனைவி இரஞ்சிதம் அக்காவும் மகள் சுகந்தியும் கிளிநொச்சிப் பக்கம் இருந்த சீதன வீட்டைத் திருத்தப் போனார்கள். சுகந்திக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. ஒரு தவணை முடிய வருகிறோம் என்றார்கள். பிறகு சண்டை மறுபடியும் தொடங்கியதும் வடக்குக்குப் போகும் பாதையை மூடினார்கள். அவர்கள் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். கதவு திறந்திருந்த நேரத்தில் உள்ளே போனவர்கள். மூடியபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

தொடக்கத்தில் சுகந்தி அங்கிருந்து என் கடைக்குப் போன் எடுப்பாள். லைன் கிடைப்பதே பெரிய பாடு, கிடைத்தால் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் திட்டுவார்கள். அதனால் ஒருநாள் சிரித்துக்கொண்டே ஒரு ஏற்பாடு சொன்னாள். நம்முடைய ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான், மணியை அடிக்கவிட்டு வெட்டுவது. "அப்பா, கதைக்க ஏலாட்டி ரெண்டு மணி விட்டு வெட்டுவன். ஒண்டு அம்மாவுக்கு, ஒண்டு எனக்கு. எடுத்துப் போடாதேங்கோ." சேர் எனக்கு அதைச் சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு. மணி ரெண்டு அடித்து நின்றால் அவர் தலையை ஆட்டிவிட்டுக் கோடுகளுக்குத் திரும்பிவிடுவார். விளையாட்டாகச் செய்த ஏற்பாடு அது. ஒன்று மட்டும் அடித்தால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

சண்டை கிளிநொச்சியைத் தாண்டியதும் மணி நின்றுபோனது. மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. சேர் கடை திறக்க முன் வந்து வாசலில் நிற்பார், பூட்டும்போதுதான் போவார். ஒரு கைத்தொலைபேசி வாங்குங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "அவளுக்குத் தெரிஞ்ச நம்பர் இதுதானே" என்பார். வெளிநாட்டுக்காரரின் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் ஒன்றையும் விடாமல் குறித்தார். இந்த நிலையிலும் இதெல்லாம் என்னத்துக்கு என்று எனக்குக் கோபம் வந்தது, கேட்டும் விட்டேன். "எல்லாக் கோடும் பிரகாசமாத்தான் இருக்கும் நானா. பிரகாசத்தப் பாத்து ஏமாந்து பிழையானதத் தொட்டிடக் கூடாது. அதுக்குப் பொறுமை வேணும். இத விட்டா எனக்குப் பொறுமை போயிடும்" என்றார். அன்றோடு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன அன்று தெருவெல்லாம் வெடி. லொறிகளில் கொடியோடு ஆட்கள் கத்திக்கொண்டு போனார்கள். சந்தியில் பெரிய சட்டியில் பாற்சோறு கிண்டி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தார்கள். நான் கதவைப் பாதி இறக்கியிருந்தேன். சேர் கம்பியூட்டர் மூலையில் இல்லை. போன் இருந்த மேசைக்கு வந்து நாற்காலியைப் போட்டு, போனின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன சேர்?" என்றேன். "வெடிச் சத்தத்தில மணி கேக்காது. அதிர்வு கைக்குத் தெரியும்" என்றார். சுமனபால வாழை இலைத் துண்டில் பாற்சோறு கொண்டுவந்தான். கடைக்குள் வந்தவன், அந்தக் கையைப் பார்த்ததும் நின்றான். அவனுக்கு எல்லாம் தெரியும். இலையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, வெளியே போய், கடை வாசலில் வெடி கொளுத்த வந்த பெடியன்களைத் திட்டி அப்பால் அனுப்பினான். சேர் பாற்சோற்றையும் தொடவில்லை, கையையும் எடுக்கவில்லை. நான் இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் மணி அடித்தது. சேர் பக்கத்தில்தான் இருந்தார். வருஷக் கணக்காக எனக்கு வாயை மூடு, பொறு, கேள் என்று சொல்லித் தந்த மனிதர், முதல் மணி முடிய முன்னரே ரிசீவரைப் பிடுங்கி எடுத்து "பிள்ளை! பிள்ளை!" என்று கத்தினார். அந்தப் பக்கம் யாரோ திடுக்கிட்டது போல ஒரு மூச்சு. உடனே வெட்டுப்பட்டது. அந்தப் பழைய போனில் நம்பர் விழாது. அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே இருந்தார். நான்தான் அதைக் கையில் இருந்து வாங்கி வைத்தேன்.

"அது ஒண்டில நிண்டிருக்குமோ, ரெண்டு அடிச்சிருக்குமோ?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"எனக்கு எப்படி சேர் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. நான் கெடுத்துப் போட்டன். கேக்கிற நேரத்தில அனுப்பிப் போட்டன் நானா."

உள்ளதைச் சொல்கிறேன், அன்று அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. அவர்மேல் இரக்கம் வந்தது பிறகுதான். அவர் வீட்டுக்குப் போகாமல், சோறு தின்னாமல், அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒண்டு என்றால் யார்? தாயா, மகளா? யாரோ ஒருத்தரை நினைத்துச் சந்தோஷப்பட்டால் மற்றவரைச் சாகக் கொடுத்தது போலாகிவிடும் என்று ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த நாள் ஒரு மட்டையை வெட்டி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தன் முத்து முத்தான எழுத்தில் எழுதி, போனுக்கு மேலே ஒட்டினார்: மணி அடித்தால் எடுக்க வேண்டாம். போன் கடையில் இப்படி ஓர் அறிவிப்பு உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்குமா தெரியாது. யட்டவத்தையில் இருந்து வந்த ஒரு முதலாளி, இது கடையா பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்று கேட்டார். வியாபாரத்துக்கு நான் வேறு ஒரு லைன் எடுத்தேன், ஆனால் ஊருக்குப் பழகிய நம்பர் பழையதுதான்.

அதுமட்டும் போதாது என்று சேருக்குத் தெரிந்திருந்தது. "கிட்ட இருந்தா நான் திரும்பவும் எடுத்திடுவன். என்னையே நான் நம்பேல்ல. நீங்கள் எண்ணுங்கோ நானா." பின்னேரமானால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தடியில் போய் நிற்பார். இரத்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்குகிற தோட்டத்துச் சனம் அவரைச் சுற்றிக்கொண்டு போகும். மழை வந்தால் குடையை விரித்துக்கொள்வார், இடத்தை விட்டு அசைய மாட்டார். கண் மட்டும் என் கடைக் கண்ணாடியில்.

அப்படி ஒருநாள் மணி அடித்தது. கடையில் ஃபோட்டோகொப்பி எடுக்க நின்றவர்களைக் கையைக் காட்டி அசையாமல் நிறுத்தினேன். மணி ஒன்று அடித்தது. எனக்கு அந்த இடைவெளி நோன்புப் பகலை விட நீளமாக இருந்தது. பிறகு இரண்டாவது. அதோடு வெட்டுப்பட்டது. நான் கண்ணாடிக்கு ஓடிப்போய் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். எதிர்ப்பக்கத்தில் அவர் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக அதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். சுமனபால ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தான்.

சண்டையில் தப்பிய சனத்தை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாமுக்குப் போய்வந்த பாதிரியார் ஒருவர் மூலம்தான் மற்ற விபரம் தெரிந்தது. தாயும் மகளும் முள்ளுக்கம்பிக்குள் ஒரே கூடாரத்தில் இருக்கிறார்கள். போன் வைத்திருப்பது அங்கே குற்றம். யாரோ ஒளித்து வைத்திருக்கிற போனை, பேசமாட்டேன், மணி மட்டும் விடுவேன் என்று கெஞ்சி வாங்குகிறாள் சுகந்தி. அன்றைக்குச் சேரின் சத்தம் கேட்டதும் போன்காரி பயந்து பிடுங்கி வெட்டிவிட்டாளாம். "அப்பாட குரல் கேட்டிட்டன்" என்று பிள்ளை அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாளாம். இதைப் பாதர் சொன்னபோது சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்ட பிறகும் ஒன்றும் பேசவில்லை.

அனுமதி எடுத்து ஒரு தடவை வவுனியாவுக்குப் போனார். இம்முறை தம்புள்ளையில் இறக்கவில்லை. ஆனால் கம்பிக்கு இந்தப் பக்கம் சனம், அந்தப் பக்கம் சனம். பொழுது சாயும்வரை நின்றும் இவர்கள் இரண்டு பேரையும் காணக் கிடைக்கவில்லை. வந்து என்னிடம் சொன்னார்: "அங்காலயும் எல்லாரும் கத்தினவை, இங்காலயும் எல்லாரும் கத்தினம். ஒருத்தரும் கேக்கேல்ல நானா." சீக்கிரம் ஆட்களை வெளியே விடப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்ததும், வீட்டுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினார். ஏணியில் ஏற வேண்டாம் என்று வீட்டுக்காரரும் சொன்னார், நானும் சொன்னேன். முன்னறையை முடித்திருந்தார். போன கிழமை நான் போய்ப் பார்த்தபோது, அந்த அறைக்குள்தான் பாயில் படுத்தபடி போயிருந்தார். விரல் இடுக்கில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

கொள்ளி வைக்க ஒரு தூரத்து உறவுக்காரர் கண்டியில் இருந்து வந்தார். மனைவி, மகள் இல்லாமலே எல்லாம் நடந்தது. நான் சுடலை வரை போனேன்; சுமனபாலவும் பேக்கரியைப் பூட்டிவிட்டு வந்தான். அன்று பின்னேரம் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. இரண்டு மணி. அவர் செத்துப்போனது தெரியாமல் நாங்கள் சுகம் என்று பிள்ளை சொல்கிறாள். நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ரிசீவரையே பார்த்துக்கொண்டு இருந்தேன், கை போகவில்லை. மறுநாள் பாதருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வெள்ளிக்கிழமை முகாமுக்குப் போய்த் தாயிடமும் மகளிடமும் நேரில் சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. நான் ஓயாமல் வாயடிக்கிறவன். இப்போது யாராவது கடைக்கு வந்து ஒரு துக்கத்தைச் சொன்னால், உடனே ஆறுதல் சொல்ல வாயெடுக்காமல் கொஞ்சம் பொறுக்கிறேன். அந்தப் படங்களில் எந்தக் கோடு எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மூலைக் கம்பியூட்டரை வேறு ஆளுக்கு வாடகைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மட்டையையும் கழற்றவில்லை.

நேற்றுப் பின்னேரம் மணி அடித்தது. எல்லாம் தெரிந்த பிறகு அவள் ஏன் அடிக்கப் போகிறாள், வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பழக்கத்தில் எழும்பிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்று அடித்தது. இரண்டு அடித்தது. தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. விரலைத் தூக்கப் போனேன். மணி நிற்கவில்லை. மூன்றாவது தடவையும் அடித்தது, நிதானமாக, முழுசாக. அதன் பிறகுதான் வெட்டினாள்.

எதிர்ப்பக்கத்துக் கம்பத்தடியில் ஒருவரும் இல்லை. நான் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினேன்.